எறும்பரசியும் கண்டி நாடும்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை ஆராய்வோர், றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலை எடுத்தாளாது செல்லார். இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சி முறைக்கும், குடிகளின் தொழில், உணவு, வழிபாடு ஆகியவற்றுக்கும் அந்நூல் சான்றாவது போன்றே, இந்நாட்டு எறும்புகளுக்கும் அது சான்றாகும் என்பது பலர் கருதாத செய்தியாகும். 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிக்கப்பட்ட நொக்ஸ், 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சென்றடையும்வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி நாட்டிற் சிறையிருந்தவர். ஊர்களிடையே நடமாட உரிமையும் நாட்டைவிட்டு நீங்கத் தடையும் பெற்றிருந்த அவருக்கு, காலடியில் ஊர்வனவற்றை உற்று நோக்க ஓய்வு நிரம்ப இருந்தது.

மரக்கிளைகளில் இலைகளைச் சேர்த்து மனிதத் தலையளவான கூடு அமைக்கும் செந்நிற எறும்பை அவர் விவரிக்கின்றார். சிங்களத்தில் திமியா என்றும் தமிழில் முசுறு என்றும் வழங்குவது அதுவே. கடியா என்னும் கரிய எறும்பு நெருப்புத் தணல் பட்டாற்போலக் கடிக்குமாயினும், மிதிக்கப்பட்டாலன்றித் தானாகத் தீங்கு தொடங்காத பெருந்தன்மை உடையது என்று புகழ்கின்றார். அவ்வெறும்பு முன்னொரு காலத்து நாகத்தின் குலத்திற் பெண் கேட்டதென்றும், அத்துணிவுக்குப் பரிசாகவே அதற்கு அக்கடுங்கடி வாய்த்ததென்றும் அந்நாளில் வழங்கிய கதையையும் குறித்துள்ளார். வேயா எனப்படும் கறையான் சிறகு முளைத்து மாலை வேளையிற் கூட்டங் கூட்டமாக எழுவதையும், பறவைகள் அவற்றை உண்பதையும், எஞ்சியவை கண்ணுக்கெட்டா உயரம் பறந்து ஈற்றில் மடிந்து வீழ்வதையும் எழுதியுள்ளார்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். சிறகு பெற்றவை யாவும் மடியின், புதிய புற்றுகள் எங்ஙனம் தோன்றின? நொக்ஸ் கண்டது உண்மையே. ஆனால் முழு உண்மையன்று. வீழ்ந்தவற்றுட் சில, சிறகை உதிர்த்து மண்ணுட் புகுந்து புதுக்குடி தோற்றுவிக்கின்றன. இருளில் நிகழும் அத்தொடக்கத்தை வெளியில் நின்று காண்டல் இயலாது. தாயைப் பிடித்துக் கண்முன் வைத்து வளர்த்தாலன்றி அது விளங்காது. அங்ஙனம் வளர்க்கும் கலை மேனாட்டில் உருவாக மேலும் இரு நூற்றாண்டுகள் சென்றன.

நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதி அது வெளிவரத் துணைநின்றவர் றொபேட் ஹூக் என்னும் அறிஞர். அவர் 1665இல் வெளியிட்ட நுணுக்குக்காட்டி நூலில் எறும்பும் ஒரு பொருளாக இடம்பெற்றது. படம் வரைதற்கு அது ஓரிடத்தில் நில்லாமையால், ஹூக் அதற்குப் பிராந்தி ஊட்டி மயக்கினார். ஒரு மணி நேரம் செத்தது போற் கிடந்த எறும்பு, பின்னர் எழுந்து ஓடிற்று. அக்காலத்து அறிஞர் எறும்பின் உடலைக் கண்டனர்; அதன் குடிவாழ்வை இன்னும் கண்டிலர்.

குடிவாழ்வைக் காணும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரான்சு நாட்டு றெயோமூர் எறும்புகளைக் கண்ணாடிக் கலங்களில் வைத்து நோக்கி எழுதிய குறிப்புகள், 1926இல் அமெரிக்க அறிஞர் வீலர் பதிப்பிக்கும் வரை கையெழுத்துப்படியாகவே கிடந்தன. இங்கிலாந்தில் வில்லியம் கூல்ட் என்பார் 1747இல் எறும்புகள் பற்றித் தனி நூல் செய்து, அரசி முட்டையிடுதலை எடுத்துரைத்தார். சுவிற்சர்லாந்துப் பியர் ஹூபர், பெண்ணெறும்பு மணப்பறப்பு முடிந்தபின் தன் சிறகுகளைத் தானே கழற்றி எறிதலைத் தமது 1810ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். ஆயினும், துணையின்றித் தனித்த ஓர் அரசி ஒரு குடியையே உருவாக்க வல்லளோ, பழைய குடியொன்றின் வேலையெறும்புகள் அவளுக்கு உதவல் வேண்டுமோ என்னும் ஐயம் தீராதிருந்தது.

அதனைத் தீர்க்க முற்பட்டவர் சேர் யோன் லபொக் என்பவர். அவர் தொழிலால் வங்கியாளர், பாராளுமன்ற உறுப்பினர். எறும்பாய்வு அவருக்கு வீட்டில் ஓய்வு நேரப் பணியாகவே அமைந்தது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய மண்படை வைத்து, அதனுள் எறும்புகளைக் குடியேற்றி, அவை தப்பியோடாவாறு சுற்றிலும் நீர் அகழி அமைத்தார். 1876 ஆகஸ்ட் 14ஆம் நாள், தம் தோட்டத்திற் பறந்துகொண்டிருந்த எறும்பினமொன்றின் ஈரிணைகளைப் பிடித்து ஈரமண்ணுடன் தனியே வைத்தார். அடுத்த ஆண்டு ஏப்பிரிலில் முட்டைகள் தோன்றின. யூனில் அவை பொரித்தன. யூலையில் முதல் வேலையெறும்பு வெளிப்பட்டது. ஆண்கள் இடையிலே மடிந்தன. வேறெவர் துணையுமின்றி அரசியே குஞ்சுகளை வளர்த்தெடுத்தாள். ஒரு பெருங்கேள்விக்கு வீட்டு மேசையில் வைத்த சிறு கண்ணாடிக்கூடு விடையளித்தது. அவர் 1874இற் பெற்ற வேறோர் அரசி 1888 வரை உயிரோடிருந்தாள். பூச்சியின் ஆயுள் சில நாள் அல்லது சில மாதம் என்று எண்ணியிருந்தோர்க்கு இது பெருவியப்பாயிற்று. பிற்காலத்தில் ஜேர்மனியரான ஹேர்மன் அப்பெல் வளர்த்த கரிய தோட்டவெறும்பின் அரசியொருத்தி இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள்.

அடைபட்ட அறையுள் உணவின்றி இருக்கும் அரசி குஞ்சுகளை எதனால் ஊட்டுகின்றாள் என்பது அடுத்த வினா. சிறகு உதிர்ந்தபின் பறத்தற்குரிய பெருந்தசைகள் பயனற்றனவாகின்றன. அத்தசைகள் அவள் உடலுள்ளேயே கரைந்து போதலைப் பிரான்சு நாட்டுச் சார்ள் ஜானே 1907இல் வெளியிட்டார். அத்தசையும் சேமித்த கொழுப்புமே முட்டையாகவும் குடம்பிகளின் உணவாகவும் மாறுகின்றன. வானிற் பறந்த வலிமையே மண்ணில் மக்களை வளர்க்கும் பாலாகின்றது எனலாம். மணப்பறப்பிற் பெற்ற விந்தை அவள் தன் உடலிலுள்ள சிறு பையிற் சேமித்து, வாழ்நாள் முழுவதும் பயன்படுத்துகின்றாள், மீண்டும் மணப்பதில்லை. முதற் பிறக்கும் வேலையெறும்புகள் உருவிற் சிறியன. அவை வாயிலைத் திறந்து வெளியேறி இரைதேடத் தொடங்கியதும், அரசி முட்டையிடும் பணி ஒன்றையே மேற்கொள்கின்றாள்.

இவ்வறிவின் பயனாக இன்று வீடுகளில் எறும்பு வளர்ப்போர் பின்பற்றும் முறை மிக எளியது. மழைக்குப் பின் சிறகிழந்து நிலத்தில் அலையும் அரசியைப் பிடித்தல் வேண்டும். பரிசோதனைக் குழாயொன்றின் அடியில் நீர் நிரப்பிப் பஞ்சால் அடைத்து, அரசியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, இருளான இடத்தில் அசையாது வைத்தல் வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்துக் கலக்கின், அவள் தன் முட்டைகளையே தின்றுவிடுவாள். அடைபட்டிருந்து குடி தொடங்கும் இனமாயின் முதல் வேலையெறும்பு தோன்றும்வரை உணவு வேண்டுவதில்லை. அதன்பின் தேன்துளியும் சிறு பூச்சியும் போதும். எனினும் எல்லா எறும்புகளும் இவ்வாறு குடி தொடங்குவதில்லை. சில இனங்களின் அரசியர் இடையிடையே வெளிவந்து வேட்டையாடுவர். இலங்கையிலுள்ள தயகம்மா என்னும் கரிய எறும்பினத்தில் தனியாக அரசிவடிவமே இல்லை. வேலையெறும்பொன்றே மணந்து முட்டையிடுகின்றது. கறையானோ எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. அங்கு அரசனும் அரசியுடன் அறையுள் இறுதிவரை வாழ்கின்றான்.

மேனாட்டில் இக்கலை வளர்ந்த காலத்தில், நொக்ஸ் சிறையிருந்த அதே கண்டிப்பகுதி பூச்சியாராய்ச்சிக்குரிய களமாயிற்று. புண்டலுஓயாவிலே தோட்டத்துரையாயிருந்து பின்னர் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணிபுரிந்த ஏர்ணஸ்ட் கிறீன், முசுறுகள் தம் குடம்பிகளையே நெசவுநாடா போலப் பிடித்து, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளைத் தைத்தலைக் கண்டெழுதியவர்களுள் ஒருவர். ஜேர்மானியரான எஷெரிக் 1910இல் இலங்கைக்கு வந்து பேராதனையிற் கறையான்களை ஆராய்ந்து, மறு ஆண்டில் நூல் வெளியிட்டார்.

இவற்றினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. 1892ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் இயூஜேன் சிமோன் திரட்டிய எறும்புகளை, இத்தாலியரான கார்லோ எமறி 1893இல் விவரித்தார். அவற்றுட் கண்டிப்பகுதியைச் சார்ந்த சிறிய மஞ்சள்நிற எறும்பொன்று அனியுறெற்றஸ் சிமோனி என்னும் பெயர் பெற்றது. இவ்வெறும்பின் உறவினங்கள் ஐரோப்பாவின் அம்பர் கற்களிலும் வட அமெரிக்காவின் பாறைகளிலும் புதைவடிவங்களாகக் கிடைத்துள்ளன. பல கோடி ஆண்டுகளுக்குமுன் அவை வாழ்ந்தவை. அவ்வுபகுடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது இலங்கைக்கே உரிய இவ்வோரினமே. கொடுக்குடைய பழைய எறும்புகளையும் கொடுக்கிழந்த பிற்கால எறும்புகளையும் இணைக்கும் கண்ணியென இதனை அறிஞர் போற்றினர்.

ஆயினும், எமறி விவரித்தபின் அறுபது ஆண்டுகள் அதன் வாழ்க்கை அறியப்படாதிருந்தது. 1955இல் எட்வேட் வில்சன் என்னும் இளம் அமெரிக்க அறிஞர் அதனைத் தேடிக் கண்டிக்கு வந்தார். மன்னர் காலத்தில் அரண்மனைக்குப் பின்னே பொதுமக்கள் புகாத காடாகப் பேணப்பட்டு, 1938இற் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தக்கெலேயிற் பலவிடம் தேடியும் அவர் அதனைக் கண்டிலர். பின்னர் இரத்தினபுரிக்குச் சென்று, அங்கே நிலத்திற் கிடந்த சிறு சுள்ளியொன்றை உடைத்தபோது அவ்வெறும்பின் குடி அதனுள் இருந்தது. சிவனொளிபாத மலையின் அடிவாரக் காடுகளிலும் குடிகள் பல கிட்டின. 1956இல் வில்சனும் துணைவரும் அதன் வாழ்க்கையையும் உறவுமுறையையும் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். உக்கும் மரத்துண்டில் பெரும்பாலும் நூற்றுக்கு மேற்படாத வேலையெறும்புகளோடு அரசி வாழ்தலும், வேலையெறும்புகள் சிறியவும் பெரியவுமாக இருவகைப்படுதலும் தெளிவாயின. பின்னர் இலங்கையரான அனுலா ஜயசூரியவும் அமெரிக்கரான ஜேம்ஸ் திரனியெல்லோவும் ஆய்வுகூடத்தில் குடிகளை வைத்து வளர்த்து, அவை மணத்தால் வழிகாட்டுதலையும் அபாயம் அறிவித்தலையும் 1981இலும், தொழிற் பகுப்பை 1985இலும் வெளியிட்டனர். லபொக் வீட்டில் தொடங்கிய கண்ணாடிக்கூட்டு முறை இலங்கை எறும்பின் இரகசியத்தையும் திறந்தது.

ஆனால் இவ்வரலாற்றில் மகிழ்ச்சியோடு துயரும் கலந்துளது. வில்சன் முதலிற் கண்ட இடங்கள் சிலவற்றிற் பிற்காலத்தார் அதனைக் காணவில்லை, காடு குறைந்துவிட்டது. பேராதனையிலும் உடவத்தக்கெலேயிலும் பின்வந்தோர் செய்த தேடலும் பயன்தரவில்லை. சிங்கராசா, கிலிமலை முதலான தாழ்நில ஈரக்காடுகளில் அது இன்னும் வாழ்கின்றது. 1996இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனைப் பேராபத்துக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது. கண்டியின் பெயரோடு அறிவுலகிற் புகுந்த எறும்பு, கண்டியிலே காணற்கரியதாயிற்று.

ஈண்டு எறும்பு வளர்ப்பின் பெருமையும் எல்லையும் ஒருங்கே புலனாகின்றன. சாதாரண எறும்பினமாயின், மழைக்குப்பின் எழும் ஆயிரம் அரசியருட் பெரும்பாலோர் பறவைக்கும் பல்லிக்கும் இரையாவர். அவர்களுள் ஒருத்தியைச் சிறுவனொருவன் பிடித்து வளர்த்தலால் இயற்கைக்கு இழப்பில்லை. அவன் அறிவுக்குப் பேரூதியம் உண்டு. அரிய இனமாயின் நிலை வேறு. நூறு எறும்பே கொண்ட குடியிலிருந்து அரசியைப் பறித்தல் ஓர் ஊரையே அழித்தலாகும். மேலும், ஓரிடத்து அரசியை வேற்றிடத்தில் விடுதல் பெருந்தீங்கு விளைக்கும். தென்னமெரிக்க நெருப்பெறும்பு கப்பற் சரக்கோடு அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து தென் மாநிலங்கள் பலவற்றிலும் பரவிற்று. அதனை 1942இல் அங்குக் கண்டறிந்த சிறுவன், பின்னர் கண்டிக்கு வந்த அதே வில்சன் என்பது நினைவுகூரத்தக்கது.

கண்ணாடிக் குழாய் அரசியின் வாழ்வைக் காட்டும். அவள் இனத்தைக் காவாது. உக்கிய சுள்ளியும், உதிர்ந்த இலையும், ஈர நிழலுமே அவ்வினத்தின் இல்லம். அவை குப்பையென்று பெருக்கி எரிக்கப்படுமிடத்து, எத்தனை அரசியரைப் பிடித்து வளர்ப்பினும் பயனில்லை. நொக்ஸ் இந்நாட்டு மண்ணில் ஊர்ந்தவற்றைக் குறித்துவைத்தமையாலே, அன்று இருந்தவற்றுட் சிலவற்றை இன்று அறிதல் இயல்கின்றது. இன்று இருப்பவற்றைக் குறித்துவைத்தலும், அவை வாழும் நிழலைக் காத்தலும் கண்டியைச் சூழ வாழும் மாணவ உலகின் கடனாகும்.