பெயருள்ள கற்களும் பெயரற்ற மேடுகளும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அரசாங்க ஏடுகளையும் அறிஞர் நூல்களையும் புரட்டுவதுடன் அமைந்துவிடுதல் வழக்கம். அவ்வேடுகள் காட்டாத உண்மைகள் சிலவற்றை இடுகாடுகள் காட்டும். யாருக்குக் கல் நாட்டப்பட்டது, யாருக்கு நாட்டப்படவில்லை, கல்லில் எம்மொழியில் என்ன பொறிக்கப்பட்டது, அதனைப் பேண வேண்டியோர் இன்று எங்குளர் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், அச்சமுதாயத்தின் வர்க்க அமைப்பே நம்முன் விரியக் காண்போம். நமது மலைநாட்டின் பழைய இடுகாடுகளை இந்நோக்கில் ஆராய்வதும், அவற்றைப் பேணும் பணியில் ஆசிரியரும் மாணவரும் கொள்ளக்கூடிய பங்கினை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கண்டித் தலதா மாளிகைக்கு அண்மையில், தேசிய நூதனசாலைக்குப் பின்புறத்தே, பிரித்தானியப் படையினரின் இடுகாடொன்று உண்டு. 1815 இல் கண்டி இராச்சியம் அந்நியர் வசமாகிய சில ஆண்டுகளுள் ஏற்பட்ட அவ்விடுகாட்டில் ஏறத்தாழ 200 கல்லறைகள் உள. கண்டி ஒப்பந்தத்தின் சூத்திரதாரியாக விளங்கிய சேர் ஜோன் டொயிலி 1824 இல் காய்ச்சலால் மாண்டு அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். வாட்டர்லூப் போர்க்களத்தில் உயிர் தப்பிய படையதிகாரி ஒருவர் இந்நாட்டுக் காய்ச்சலுக்குத் தப்பாது அங்கு கிடக்கின்றார். இளம் மனைவியரும் குழந்தைகளும் பலர். வயதெழுதப்பட்ட கற்களை வரிசையாகப் படித்துச் செல்வோர், முதுமை கண்டு இறந்தோர் அங்கு மிகச் சிலரேயென்பதை உணர்வர். பேரரசு அயல்நாட்டு மக்களைச் சுரண்டியது மாத்திரமன்றித் தன் சொந்த நாட்டு ஏழைகளின் பிள்ளைகளையும் சீருடை அணிவித்துத் தயங்காது செலவிட்டது என்பதற்கு அக்கற்கள் சான்று. நகர எல்லைக்குள் அடக்கஞ் செய்தல் தடுக்கப்பட்டதனால் 1873 இல் மூடப்பட்டு, நெடுங்காலம் பற்றைபடர்ந்து கிடந்த அவ்விடம், 1998 இல் திருத்தியமைக்கப்பட்டது. இன்று உல்லாசப் பிரயாணிகளும் அதனைச் சென்று காண்கின்றனர்.

இத்தகைய கற்களைப் பட்டியலிடும் முயற்சி புதியதன்று. குடியேற்ற நாட்டரசின் சேவையிலிருந்த ஜே. பென்றி லூயிஸ் என்பார், இலங்கையிலுள்ள கல்லறைகளினதும் நினைவுச் சின்னங்களினதும் சாசனங்களைத் திரட்டி 1913 இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். நினைவுச் சின்னம் பெறாதோரின் மரணக் குறிப்புகளும் அதில் அடங்குமென்பதை நூலின் தலைப்பே கூறுகின்றது. உழைப்பு மிக்க நூல், இன்றும் பயன்படுவது. ஆனால் அந்நூல் காட்டும் உலகம் பெரும்பாலும் ஐரோப்பியரின் உலகமே. நினைவுச் சின்னம் பெறாதோர் என்னும் சொற்றொடருக்கு இந்நாட்டில் வேறொரு பொருளும் உண்டு. அப்பொருளை மன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சென்ற பாதையிலேதான் காணவேண்டும்.

1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1830களின் பிற்கூறிலிருந்து மலைநாடெங்கும் பரவிற்று. இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களில் வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் வாட்டிய உழைப்பாளர், கங்காணிமாரின் பின்னே பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். காட்டுவழி, குடிநீர் அரிது, வாந்திபேதியும் அம்மையும் மலைக்காய்ச்சலும் உடன்வந்தன. நடக்க இயலாதோர் வழியில் விடப்பட்டனர். வீழ்ந்தோரை உடன் சென்றோர் புதைத்தனர். புதைக்கவும் வலுவற்ற வேளையில் அப்படியே விட்டுச் சென்றனர்.

இவ்வாறு மாண்டோர் எத்தனைபேர்? 1841 முதல் 1849 வரை 70,000 பேர் மாண்டனரென அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அத்தொகை குறித்துப் பின்வந்த ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. நாம் கவனிக்க வேண்டியது, அத்தகைய மதிப்பீடுகள் எழுந்த முறையையே. துறையில் வந்திறங்கியோர் தொகையிலிருந்து திரும்பிச் சென்றோர் தொகையைக் கழித்து, எஞ்சியோருள் இறந்தோர் எத்தனைபேரென ஊகிப்பதே பெரும்பாலும் இயன்றது. ஏற்றுமதியான கோப்பியை அந்தர்க் கணக்கிற் பதிந்து வைத்த ஆட்சி, அதனைப் பறித்தோரின் சாவைக் கழித்தற் கணக்கில் ஊகிக்க விட்டது. கண்டியில் ஒரு குழந்தையின் கல்லறையில் அதன் வயது நாட்கணக்கிற்கூடப் பொறிக்கப்படலாம். வடபாதையில் ஒரு கூட்டமே மாண்டாலும் பெயரொன்றும் எஞ்சவில்லை. காலம் ஒன்று, நோய்களும் ஏறத்தாழ ஒன்றே, வர்க்கமே வேறு.

இவ்வேறுபாட்டை மலைநாட்டின் வேறிரு கல்லறைகள் மேலும் தெளிவாக்குகின்றன. பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கமறன், சார்ள்ஸ் ஹே கமறன் என்னும் தம்பதியர் துயில்கின்றனர். மனைவி புகைப்படக் கலையின் முன்னோடியருள் ஒருவர். 1879 இல் இறந்தார். அடுத்த ஆண்டில் இறந்த கணவர், கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவின் கமறனே ஆவார். அவ்வாணைக்குழுவின் காலத்தில், 1832 இல், இராசகாரியம் எனப்படும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. நிலமானிய முறையின் ஒரு தளை அறுந்தது. உழைப்பைச் சந்தையில் விலைக்கு வாங்கும் முறைக்கு வழி திறந்தது. கண்டிய விவசாயி தன் நிலத்தை விட்டுத் தோட்டக் கூலியாக விரும்பாத நிலையில், அச்சந்தைக்குத் தமிழகத்து ஏழை கொண்டுவரப்பட்டான். கமறன் அவர்களும் பின்னர் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். அவர் மனைவி இந்நாட்டில் எடுத்த புகைப்படங்களிலே தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் கம்பீரமாக நிற்கின்றனர். முகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன, பெயர்கள் கிடைக்கவில்லை.

மற்றையது, கண்டி மகியாவை மயானத்திலுள்ள ஜேம்ஸ் டெயிலரின் கல்லறை. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் தேயிலைச் செய்கையைத் தொடக்கியவர் அவர். 1892 இல் அவர் இறந்தபோது, தொழிலாளர் இரு குழுவினராக மாறிமாறி அவரது சவப்பெட்டியைத் தோளிற் சுமந்து கண்டிவரை வந்தனரெனத் தேயிலை வரலாறு எழுதியோர் கூறுவர். சுமக்கப்பட்டவரின் பெயர் கல்லில் உள்ளது. சுமந்தவருள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம்.

கோப்பி பருவப் பயிர். பறிப்பு முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை நிலைபெற்றபோது, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டப்பட்டன. குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. அன்றுமுதல் தோட்டந்தோறும் ஒரு மயானமும் நிலைகொண்டது. தேயிலைக்கு உதவாத சரிவோ ஓடைக்கரையோ அதற்கு ஒதுக்கப்பட்டது. மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல், சிலவேளை ஒரு செடி: இவையே அடையாளம். இரு பருவமழை பெய்தால் மேடு தரையோடு தரையாகிவிடும்.

இவ்விடுகாடுகள் மறக்கப்பட்டமைக்குக் காலத்தின் மீது பழி போடுதல் எளிது. உண்மையில் ஒவ்வொரு மறதிக்கும் ஓர் அரசியற் காரணம் உண்டு. படையினரின் கல்லறைகளைப் பேணுவார், பேரரசு பின்வாங்கியபோது அகன்றனர். துரைமாரின் கல்லறைகளைப் பேணுவார், 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது எஞ்சியிருந்தாருங்கூட அகன்றனர். தொழிலாளர் மேடுகளைப் பேணுவாரோ தாமாக அகன்றாரல்லர், அகற்றப்பட்டனர்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாதார் பல்லாயிரவர். பாட்டனைப் புதைத்த இடத்தைக் கைநீட்டிக் காட்ட அவர்களால் முடிந்தது. கடுதாசி காட்ட முடியவில்லை. 1964 இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படற்குரியோர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிய 1984 வரை, பாட்டன் வந்த அதே வழியாற் பேரர் பலர் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் தாய்தந்தையரின் மேடுகளும் அடங்கும். நாடற்றோர் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறிற்று. பெயர் பொறித்த கல் ஒன்று சட்டத்தின் முன் போதிய சான்றாகாதிருக்கலாம். ஆயினும் இம்மக்கள் நேற்று வந்தவர் என்னும் பொய்யைச் சொல்வோர், நான்கு தலைமுறைப் பெயர்கள் நிற்கும் ஒரு மயானத்தைக் கடந்து சென்று அதனைச் சொல்லுதல் அத்துணை எளிதாயிராது.

இதனைக் கருத்திற் கொண்டு நண்பர் சிலர், பெரும்பாலும் ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவரும், விடுமுறை நாட்களிற் கூடிப் பழைய இடுகாடுகளைத் தேடித் துப்புரவு செய்து வருகின்றோம். இப்பணியில் இறங்க விரும்புவோருக்குச் சில கூறுதல் தகும். முதலில் தோட்ட நிர்வாகத்திடமோ ஆலயத்தாரிடமோ அனுமதி பெறல் வேண்டும். லயத்து மக்களிடம் சொல்லாமல் மண்வெட்டி தூக்கலாகாது. மானாப்புல்லையும் நாயுண்ணிப் பற்றையையும் கவ்வாத்துக் கத்தியால் அடியோடு வெட்டலாம். கல்லைப் பிளந்து வளர்ந்த வேரைப் பிடுங்கலாகாது, பிடுங்கினால் கல் சிதறும். பாசி படிந்த கல்லைத் தண்ணீராலும் மென்மையான தூரிகையாலும் மட்டுமே கழுவ வேண்டும். கம்பித் தூரிகையும் அமிலமும் ஒருநாளிற் செய்யும் கேட்டை நூறாண்டு மழையும் செய்யாது. தேய்ந்த எழுத்துகளின் மீது முகக்கண்ணாடியாற் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினால் அவை நிழல்காட்டிப் புலப்படும். உள்ளபடியே, பிழையுடன், வரிக்கு வரி எழுதிக்கொள்ளல் வேண்டும்.

கல்லில்லாத மேடுகளுக்குத் தூரிகையாற் பயனில்லை. அங்கே செவியே கருவி. லயங்களிலுள்ள முதியோரை அழைத்துச் சென்று, இன்னார் இவ்விடத்தில் என்று அவர் சுட்டுவதைப் படம் வரைந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தோட்டத்தில், நாங்கள் வெறும் புற்றரையென எண்ணி நடந்த இடத்தில், எண்பது வயது மூதாட்டி ஒருவர் எங்களைத் தடுத்தார். “எங்க அப்பாயி அங்கதான் படுத்திருக்கு. செருப்பக் கழட்டிட்டு வாங்க, சார்” என்றார். அன்று மாலைக்குள் அவர் வாயிலிருந்து இருபத்திரண்டு பெயர்கள் எங்கள் கொப்பியில் ஏறின. எந்தத் தோட்டப் புத்தகத்திலும் அவற்றைத் தேடிப் பெறுதல் இனி அரிது. அத்தகைய மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மறுநடுகையும் வீதி அகலிப்பும் மண்சரிவும் அவர்களுக்காகக் காத்திருக்கப்போவதில்லை.

தொழிலாளரைச் சுரண்டிய துரையின் கல்லை நாம் ஏன் கழுவ வேண்டுமென மாணவர் சிலர் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. அக்கல்லைக் கழுவுவது அவரைப் போற்றுவதற்காகவன்று. அது ஒரு சாட்சி. சாட்சியை அழித்துவிட்டு வழக்கை நடத்த இயலாது. பளிங்குக் கல்லும் அதன் கீழ்ச்சரிவிலுள்ள மேடும் ஒருங்கே நின்றாற்றான் ஒன்றன் செலவில் மற்றொன்று எழுந்த வரலாறு விளங்கும். பளிங்கை மட்டும் பேணினால் பேரரசின் பழம்பெருமைக்கு ஏவல் செய்தவராவோம். மேட்டை மட்டும் பேணினால் அம்மேடு உண்டாகிய காரணத்தை மறைத்தவராவோம்.

பெயரைக் காப்பதற்குக் கல் ஒன்றே வழியன்று என்பதையும் தொழிலாளர் இயக்கம் காட்டியுள்ளது. 1940 ஜனவரி 10 ஆம் நாள், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் பெயரைக் கூட்டங்களும் துண்டுப் பிரசுரங்களும் தலைமுறை கடந்து காத்து வந்துள்ளன. 2023 இல், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, யூலை 28 முதல் ஆகஸ்டு 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் பெயரின்றி வீழ்ந்த பாதையைப் பேரரும் பேர்த்தியரும் தம் கால்களால் மீண்டும் வாசித்தனர் எனலாம்.

நடைபயணம் முடிந்தது, பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. லூயிஸ் தனியொருவராக 1913 இல் ஒரு வர்க்கத்துக்குச் செய்து முடித்ததை, பாடசாலைதோறும் ஆசிரியரும் மாணவரும் கூடி மற்ற வர்க்கத்துக்குச் செய்யவியலாதா? தோட்டத்துக்கு ஒரு கொப்பியும், மாதத்தில் ஒரு சனிக்கிழமையும், கேட்கும் பொறுமையும் போதும். காணியுரிமையும் முகவரியும் உள்ள வீடும் கோரி இன்றும் போராடும் மக்களுக்கு, அவர்தம் முன்னோர் இம்மண்ணில் எங்கே, எவ்வாறு, எத்தனை தலைமுறையாகக் கிடக்கின்றனர் என்னும் ஏடு வெறும் நினைவுமலராக மாட்டாது. அவர்தம் கோரிக்கையின் முதற் பக்கமாக அமையும்.