நீ யாரு வீட்டுப் பொண்ணு?

எதிரணி நண்பர் உருக்கமாப் பேசினார். விற்கப்பட்ட பெண்ணைக் காப்பாத்தத் தனி நீதிமன்றமே வந்தாச்சு, இன்னும் என்ன குறைன்னு கேட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். நான் தக்கலைக்காரன். எங்க ஊர்க் கதையைச் சொல்றேன்.

1812-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய், ஆளை விற்கவும் வாங்கவும் தடை போட்டார். நல்ல காரியம். ஆனா அதிலேயே ஒரு விலக்கு: நிலத்தோடு சேர்ந்த உழவு அடிமைகளுக்குத் தடை பொருந்தாது. அரண்மனைப் பக்கம் வீட்டுவேலை செய்தவளை விற்கக்கூடாது. வயலில் நாற்று நட்டவளை விற்கலாம்! அவளுக்கு முழு விடுதலை 1855-இல்தான். 43 வருஷம் ஐயா, ஒரு ஆயுசு.

அடுத்து, இங்கேயிருந்து நடந்தே போயிரலாம், பத்மநாபபுரம். 1823. மிஷனரி மீட் ஐயர் முறையிட்டார். கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம்னு அங்கிருந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே தெருவில், மதம் மாறாத அவ அக்கா? அவளுக்குத் தீர்ப்பு இல்லை. ஒரே வயித்துப் பிள்ளைங்க, ஒருத்திக்கு மானம் உண்டு, ஒருத்திக்கு இல்லை! 1859-இல் அரசு இறங்கி வந்தது. எல்லா மதத்து நாடார் பெண்களும் மாரை மூடிக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி மட்டும் போடக்கூடாதாம்.

அதெல்லாம் ராஜா காலம்பீங்க. 1956-ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டத்துக்கு வாங்க. தனி நீதிமன்றம் அமைக்க அதிலே இடம் உண்டு. ஆனா 8-ஆம் பிரிவைப் படிச்சீங்களா? வீதியில் நின்னு அழைச்சான்னு பிடிச்சா, பெண்ணுக்கு முதல் தடவையே ஆறு மாசம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செஞ்சா ஏழு நாளிலிருந்து மூணு மாசம்! தராசு எந்தப் பக்கம் சாயுதுன்னு நீங்களே பாருங்க.

நண்பர் நியூயார்க்கைக் காட்டினார். 2013-இல் மாநிலம் முழுக்க ஆள்கடத்தலுக்கான தனி நீதிமன்றங்கள். "நீ குற்றவாளி இல்லம்மா, பாதிக்கப்பட்டவ"ங்கிறாங்க. சரி, அவ அங்கே எப்படி வந்தா? போலீஸ் கைது செஞ்சு! ஆலோசனை வகுப்புக்கு ஒழுங்காப் போனா வழக்கு தள்ளுபடி. குவீன்ஸில் அப்படி வந்து நின்றவர்களில் நிறையப் பேர் பிழைக்கப் போன சீன, கொரியப் பெண்கள். புரூக்ளினில் கறுப்பினப் பெண்கள்.

நம்ம சட்டத்தில் 17-ஆம் பிரிவு, மீட்கப்பட்ட பெண்ணை எங்கே அனுப்பறதுன்னு முடிவு செய்ய, மாஜிஸ்திரேட் ஐந்து பேரைத் துணைக்கு அழைக்கலாம்னு சொல்லுது. அதில் மூணு பேர் பெண்களா இருக்கணும், "இயன்றவரை". இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எதிரணி விளக்கம் சொல்லட்டும். மணி அடிச்சிட்டாங்க, உட்கார்றேன்.