கல்லும் கயிறும் ஸ்கூட்டரும்

பொழுதுபோக்கு முக்குளிப்புப் படகில் நீரடி ஸ்கூட்டரை ஏற்றலாமா, கூடாதா என்னும் விவாதத்தைப் புதுக் கருவியொன்றின் சிக்கலாகவே பலரும் காண்கின்றனர். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களைப் படித்தவர்க்கு அது பழைய கேள்வி.

தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாளர்கள் கடலடிக்கு நீந்திச் செல்லவில்லை. ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கல்லின் கயிற்று வளையத்தில் கால் நுழைத்து, அதன் பாரத்தோடு இறங்கினர். அடி தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். ஒரு நிமிட அளவில் குளியாளர் சிப்பி சேர்த்து, மற்றொரு கயிற்றை அசைப்பார். படகிலிருப்பவர் அவரை இழுத்தேற்றுவார். அக்கல்லை ஊர்தி என்றே சொல்வேன். ஆனால் அதை ஆள்பவர் குளியாளர் அல்லர், மேலே கயிறு பிடித்தவர். குளியாளரின் மூச்சடக்கத்தை வியக்கும் நம் எழுத்துகள் இந்த மனிதரை ஏனோ எளிதில் கடந்துவிடுகின்றன. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டுச் சலாபமே கடைசி.

கயிறற்ற ஊர்தி அதற்கு முன்பே இக்கடற்பரப்புக்கு வந்துவிட்டது, போர்க்கருவியாக. 1944 அக்டோபரில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய நீர்மூழ்கி டிரென்சன்ட், 'சாரியட்' எனப்பட்ட இரு மின்கல ஊர்திகளைச் சுமந்து சென்றது. ஒவ்வொன்றிலும் இருவர். அவர்கள் புக்கெட் துறைமுகத்தில் இரு கப்பல்களில் வெடிபொருளைப் பொருத்தி நீர்மூழ்கிக்குத் திரும்பினர். தாய்க்கலத்தின் பார்வைக்கு அப்பால் செல்வதே அவ்வூர்தியின் பயன். 1956இல் வெளிவந்த கூஸ்தோவின் 'மௌன உலகம்' திரைப்படம் நீரடி ஊர்தியை இன்பப் பயணத்தின் அடையாளமாக்கியது. புக்கெட்டும் இன்று முக்குளிப்புச் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற இடம்.

ஆனால் அப்பால் செல்லும் இயல்பு மாறவில்லை. படகோட்டியின் அச்சம் அதுவே. பத்துப் பேர் இறங்கினால் அவர்களின் காற்றுக் குமிழிகளைப் பார்த்தே அவர் படகை நிறுத்துகிறார். ஸ்கூட்டர் உடையவர் குழுவைவிட்டு எங்கோ எழுவார். கருவி விரைந்து மேலே இழுத்தால் நுரையீரலுக்கும் ஆபத்து.

மின்கலம் மற்றொரு கவலை. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா அருகே 'கன்செப்ஷன்' என்னும் முக்குளிப்புப் படகு எரிந்து 34 பேர் இறந்தனர். தீயின் மூலம் உறுதிப்படவில்லை. இரவுக் காவல் இல்லாமையை விசாரணை கண்டித்தது. எனினும் படகில் மின்கலங்களுக்கு மின்னேற்றும் வழக்கம் அதன்பின் கடும் கேள்விக்குள்ளானது.

இருப்பிடம் காட்டும் மிதவையை உடன் இழுத்துச் செல்லலாமே எனக் கேட்கலாம். மிதவைக்கு ஒரு கயிறு வேண்டும். கையில் அவதானம் இல்லையெனில் அக்கயிறு ஸ்கூட்டரின் விசிறியிலேயே சுற்றிக்கொள்ளும். ஆகவே பலர் மிதவையைச் சுருட்டி எடுத்துச் சென்று, மேலேறும் நேரத்தில் மட்டும் விரித்து அனுப்புகின்றனர். அதுவரை அவர் எங்கிருக்கிறார் என்பது படகுக்குத் தெரியாது.