வாதமா, குழாயோட குரக்களியா?

எங்க ராசிபுரம் பக்கம் யாருக்காவது கை கால் விழுந்துட்டா "வாதம் அடிச்சிருச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. எங்க அம்மாயிக்கு அப்படி மூணு தடவை வந்துச்சு. ரெண்டு தடவை தானா சரியாப் போச்சு. மூணாவது தடவை பேச்சு திரும்பவே இல்லை. ஏன் வந்துச்சு, ஏன் போச்சுன்னு யாரும் கேக்கலை. அந்தக் கேள்வியைத் தேடிப் போனப்ப கிடைச்ச கதை இது.

வந்து வந்து போகிற பக்கவாதத்துக்கு நூறு வருசம் முன்னாடி டாக்டர்கள் சொன்ன காரணம் இசிவு. கெண்டைக்கால்ல குரக்களி புடிக்குமே, அது மாதிரி மூளைக்குப் போற ரத்தக்குழாய் இறுகி, பிறகு விடுதுன்னு நம்பினாங்க. 1911-ல் வில்லியம் ஆஸ்லரும் அப்படித்தான் எழுதினார். ஆனா பார்க்க வழியில்லை. 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ்தான் மூளைக் குழாய்களைப் படம் புடிச்சுக் காட்டினார்.

1948-ல் பிக்கரிங் இசிவுக் கொள்கையை எதிர்த்தார். 1951-ல் மில்லர் ஃபிஷர், கழுத்துத் தமனி அடைப்புதான் பலருக்குக் காரணம்னு காட்டினார். இசிவு மூலைக்குப் போச்சு. வேடிக்கை என்னன்னா, அதே 1951-ல் எக்கரும் ரீமன்ஷ்னைடரும், மூளைக் குழாய் வீங்கி வெடிச்சவங்களோட ஆஞ்சியோகிராம்ல அந்தச் சுருக்கத்தைக் கண்ணாலயே காட்டிட்டாங்க! நம்மூர்லயும் அப்போதான் இந்தத் துறை பிறக்குது: 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி, 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி.

1988-ல் கால், ஃபிளெமிங் குழுவினர் வெடிப்பு எதுவும் இல்லாமலே குழாய்கள் சுருங்கி விரியறதை விவரிச்சாங்க. 2007-ல் அதுக்குப் பொதுவா ஒரு பெயரும் வச்சாங்க. இடி விழுந்த மாதிரி தலைவலி, அதுவும் திரும்பத் திரும்ப வரும். பிரசவத்துக்குப் பிறகு வரலாம். சில சளி மருந்து, ஒத்தைத் தலைவலி மருந்தும் தூண்டலாம். பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள குழாய் பழைய நிலைக்கு வந்துரும். ஆனா நடுவுல செத்த மூளைத் திசு திரும்பாது. இதைவிட அபூர்வம், கழுத்துத் தமனியே அடிக்கடி இறுகி மறுபடி மறுபடி பக்கவாதம் வர்றது. குழாய் விரிஞ்ச பிறகு படம் எடுத்தா எல்லாம் சரியாத் தெரியும். சிக்கலே அங்கதான்.

அம்மாயிக்கு வந்தது இதுதான்னு சொல்ல மாட்டேன். வயசு, பிரஷர் எல்லாம் பார்த்தா அடைப்பாத்தான் இருந்திருக்கும். ஆனா எதுவா இருந்தாலும், "சரியாப் போச்சே"ன்னு ரெண்டு தடவை விட்டோமே, அதுதான் இன்னும் உறுத்துது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. வாய் கோணினா, கை விழுந்தா, அஞ்சு நிமிசத்துல சரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்க.