கீழ்ப்படிதல் யாருடைய பண்பாடு?

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2006 ஜனவரியில் ஒரு கேள்விப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. முக்கியமாக முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்து குடியுரிமை கேட்பவர்களிடம் அதிகாரிகள் கேட்க வேண்டிய 30 கேள்விகள் அதில் இருந்தன. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், கீழ்ப்படியாவிட்டால் அவன் அடிக்கலாம் என்ற கூற்றைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது அவற்றுள் ஒன்று. பத்திரிகைகள் இதற்கு 'முஸ்லிம் தேர்வு' என்று பெயர் வைத்தன. 2011இல் அங்கே ஆட்சி மாறிய பிறகு இது கைவிடப்பட்டது.

மனைவியின் கீழ்ப்படிதல் முஸ்லிம்களின் பண்பாடு. அதை விட்டால்தான் அவர்கள் நம்மோடு கலந்தவர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த எண்ணம் இதுதான். நம் ஊரிலும் இந்த எண்ணம் வேறு சொற்களில் புழங்குகிறது. 'அவங்க வீட்டுப் பொம்பளைங்க பாவம்' என்று பரிதாபப்படாத தெரு தேனி மாவட்டத்தில் இருக்கிறதா?

இதே பொருள் பற்றி இந்தியர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை, 17 மொழிகளில், ஏறத்தாழ 30,000 பேரை நேரில் சந்தித்துக் கருத்துக் கேட்டது. மனைவி எப்போதும் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை முழுமையாகவோ பெருமளவிலோ ஏற்றவர்கள் 87 விழுக்காடு. இந்நாட்டில் ஐந்தில் நான்கு பேர் இந்துக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆமென்று சொல்லாமல் இந்த எண் வந்திருக்காது. முழுமையாக ஏற்றவர்களை மட்டும் பிரித்தால் ஆண்கள் 67 விழுக்காடு, பெண்கள் 61. ஜெர்மானிய அதிகாரி கம்பத்துக்கு வந்து அந்தக் கேள்வியின் முதல் பாதியைக் கேட்டால், எல்லாத் தெருவிலும் தோற்பவர்கள் இருப்பார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் 'வந்தவர்' யார் என்பதே சிக்கலான கேள்வி. கம்பத்துக் காப்பிலியர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள். கம்பளத்து நாயக்கர் வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். குதிரை வீரர் என்ற பொருளில் பெயர் பெற்ற ராவுத்தர்கள் பேசுவது தமிழ். அவர்கள் வீட்டுப் பிள்ளை அப்பாவை 'அத்தா' என்றழைக்கிறது. வீட்டுமொழியை அளவுகோலாக வைத்தால் இந்த மூவரில் முதலில் கலந்தவர்கள் ராவுத்தர்கள்தான். 1895இல் முல்லைப் பெரியாறு அணை நீர் வந்ததிலிருந்து இந்த மண்ணில் எல்லோரும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கிறார்கள். உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இருந்தும், ஒட்டி வாழ்கிறார்களா என்ற கேள்வி முஸ்லிம்களை நோக்கி மட்டுமே எழுகிறது. காப்பிலியரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அதே பியூ ஆய்வில் இன்னொரு கேள்வி. உங்கள் சமயப் பெண்கள் வேறு சமயத்தில் மணப்பதைத் தடுப்பது எவ்வளவு முக்கியம்? மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67 விழுக்காடு, முஸ்லிம்களில் 80 விழுக்காடு. ஆண்களைத் தடுப்பது பற்றியும் தனியே கேட்டார்கள். விடைகள் பெரிதும் மாறவில்லை. ஆனால் நம் ஊரில் தடுப்பு என்பது யார் மேல் விழுகிறது என்று நமக்குத் தெரியும். மகனுக்குச் சண்டையும் சில வருடப் பேச்சில்லாமையும். மகளுக்குக் கல்லூரி நிற்கும், கைப்பேசி பறிபோகும், அவசரமாக ஒரு மாப்பிள்ளை வருவான். விழுக்காட்டுக் கணக்கில் இரண்டும் ஒரே 'தடுப்பு'.

கேட்கும் விதம் மாறினால் விடையும் மாறும் என்பதற்கு நம்மிடமே சான்றுகள் உண்டு. 1985இல் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் வழங்கியது. 1986இல் நாடாளுமன்றம் அதன் வழியைச் சுருக்கிச் சட்டம் இயற்றியது. இடைப்பட்ட ஓராண்டில் உலமாக்கள் பேசினார்கள், கட்சிகள் பேசின, பத்திரிகைகள் பேசின. முஸ்லிம் பெண்களிடம் பரவலாக யாரும் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஜோயா ஹசனும் ரிது மேனனும் 12 மாநிலங்களின் 40 மாவட்டங்களில் 9,541 பெண்களிடம் கேட்டார்கள். இவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். திருமண வயது, படிப்பு, வேலை, வீட்டில் முடிவெடுக்கும் உரிமை எல்லாம் அந்தக் கேள்விகளில் இருந்தன. முஸ்லிம் பெண்ணின் நிலையை மதம் மட்டும் தீர்மானிக்கவில்லை. வறுமையும் வாழும் வட்டாரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். 2015இல் பாரதிய முஸ்லிம் மகளிர் அந்தோலன் 4,710 முஸ்லிம் பெண்களின் கருத்தை வெளியிட்டது. வாய்மொழித் தலாக் கூடாது என்றவர்கள் 92.1 விழுக்காடு. சமூகத்தின் சார்பில் பேசிய ஆண்கள் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான விடை இது.

ஆகவே முஸ்லிம் சமூகத்தில் ஆணாதிக்கம் இல்லை என்று நான் வாதிடவில்லை. துவரங்குறிச்சி சல்மா அதை நாவலாகவே எழுதிவிட்டார். புதுக்கோட்டையில் தாவூத் ஷரிஃபா கானம், ஆண்கள் மட்டுமே அமரும் ஜமாஅத்தை எதிர்த்துப் பெண்கள் ஜமாஅத்தை அமைத்தார். தம் சமூகத்துக்குள் நின்று தம் சமூகத்தைக் கேள்வி கேட்டவர்கள் இவர்கள். இவர்கள் பேச்சை எடுத்து முஸ்லிம்களை அடிக்கப் பயன்படுத்துகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெண் அதே கேள்வியைக் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

என் மாணவிகளிடம் ஒருமுறை ஊரைச் சொல்லாமல் அந்த ஜெர்மானியக் கேள்வியைப் படித்துக் காட்டினேன். 'இது எங்க அப்பத்தா சொல்றதுதானேம்மா' என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, 'எங்க நன்னியும்தான்' என்றாள். அப்பத்தாவும் நன்னியும் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருக்க, பேத்திகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணும், விடியுமுன் ஜீப்பேறிக் குமுளிக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்ணும் எந்த மதமானாலும், வீடு திரும்பியதும் அடுப்பைப் பற்றவைப்பவர்கள் அவர்கள்தான். கூலி உன் கையில் நிற்கிறதா, இரவில் வீடு திரும்ப பயமாக இருக்கிறதா, நீ மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும்? பண்பாட்டை அளக்க வருகிறவர்கள் இந்த மூன்றையும் எல்லாத் தெருவிலும் கேட்கட்டும். அதுவும், ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் கேட்கட்டும்.