இணையக்கடைத் தனிப்பயனாக்கம்

இணையக்கடைத் தனிப்பயனாக்கம் என்பது ஒரே கடையின் பக்கத்தை வெவ்வேறு வாடிக்கையாளர் பிரிவுகளுக்கு வெவ்வேறாகக் காட்டும் முறை. முகப்புப் படம், பொருள்களின் வரிசை, தேடல் முடிவு, பரிந்துரை, சலுகைக் கூப்பன், கைப்பேசி அறிவிப்பு, பக்கத்தின் மொழி என எதுவும் மாறலாம். ஒரு பிரிவில் பல லட்சம் பேர் இருக்கலாம். அது ஒரே ஆளாகவும் சுருங்கலாம். ஜவுளிக்கடை விற்பனையாளர், "கல்யாணத்துக்கா, வீட்டுல கட்டவா?" என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற அடுக்கிலிருந்து சேலையை எடுத்துப் போடுகிறார். இணையக்கடை பெரும்பாலும் கேட்பதில்லை, ஊகிக்கிறது. இத்துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முன்வரலாறு

சந்தை என்பது ஒரே திரள் அல்ல, பல பிரிவுகள் என்ற கருத்தை வெண்டெல் ஸ்மித் 1956இல் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' இதழில் எழுதிய கட்டுரை வலுவாக முன்வைத்தது. அதை அன்றாடக் கணக்காக்கியவர்கள் அஞ்சல்வழி விற்பனைக்காரர்கள். பொருட்பட்டியல் புத்தகத்தை அச்சிட்டு அனுப்பப் பணம் செலவாகும் என்பதால், யாருக்கு அனுப்பினால் வாங்குவார் என்று தெரிந்தாக வேண்டும். கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார் என்ற மூன்று கேள்விகளால் பெயர்ப் பட்டியலைச் சலித்தார்கள். ஆர்எஃப்எம் எனப்படும் இம்முறை இன்றும் சிறிய இணையக்கடைகளுக்குப் போதுமான தொடக்கம்.

இணையத்தில் முதலில் ஒரு தடை இருந்தது. வந்தவரே மறுபடி வந்தாலும் கடைக்கு அடையாளம் தெரியாது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுலி 1994இல் உருவாக்கிய 'குக்கி' அதைத் தீர்த்தது. கடை தரும் சிறு குறிப்பை உலாவி சேமித்து வைத்து, அடுத்த முறை திருப்பிக் காட்டும்.

அமேசானின் கணக்கு

1995இல் புத்தகக் கடையாகத் திறந்த அமேசான் சந்தித்த கேள்வி எண்ணிக்கை பற்றியது. ஒருவருக்குப் பரிந்துரைக்க வேண்டுமானால் அவரைப் போன்ற பிறரைத் தேட வேண்டும் என்பதே அதுவரை இருந்த வழி. கோடிக்கணக்கானோரை ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் பக்கம் திறக்காது. அமேசானில் பணியாற்றிய கிரெக் லிண்டன், பிரென்ட் ஸ்மித், ஜெரமி யார்க் மூவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதை விட்டு, பொருளுக்குப் பொருள் ஒப்பிட்டார்கள். இந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்ற அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிட்டால், வாடிக்கையாளர் வரும்போது அதைப் புரட்டினால் போதும். 2003இல் இதை விளக்கி அவர்கள் கட்டுரை வெளியிட்டபோது அமேசானுக்கு 2.9 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தனர்.

கேட்க எளிதாகத் தோன்றும் இந்த முறையில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் பல. எல்லோரும் வாங்கும் ஒரு நாவல் எல்லாப் புத்தகங்களுக்கும் உறவாகத் தெரியும். அந்தப் பொய்யுறவைக் கழிக்க வேண்டும். நிறைய வாங்குபவர்கள் எதையும் எதனோடும் சேர்த்து வாங்கியிருப்பார்கள். அதற்கும் ஈடு செய்ய வேண்டும். கால வரிசையும் முக்கியம். கேமரா வாங்கியவருக்கு மெமரி கார்டைக் காட்டலாம். மெமரி கார்டு வாங்கியவருக்குக் கேமராவைக் காட்டுவதில் பொருளில்லை. குக்கர் வாங்கி ஒரு வாரம் ஆனவருக்கு மறுபடி குக்கரையே காட்டும் கடைகள் இந்தப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை. அவருக்கு வேண்டியது சில மாதம் கழித்து ஒரு கேஸ்கட்.

பிரிவுகளும் அளவீடும்

வழக்கமான பிரிவுகள்: முதல்முறை வருபவர், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர், நெடுநாள் வராதவர், அடிக்கடி வாங்குபவர். பின்கோடு, பருவகாலம், கையிலிருக்கும் கருவி ஆகியவையும் சேரும். முதல்முறை வருபவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் விதியும், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கலாம் என்ற உறுதியும் முன்னால் தெரிய வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு அவை இடத்தை அடைக்கும். பயன் உண்டா என்று அறிய நேர்மையான வழி ஒன்றே. ஒரு பகுதியினருக்குப் பொதுப் பக்கத்தையே காட்டி, இரு தரப்பின் விற்பனையையும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாதவர்கள், எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவரின் வாங்கலையும் பரிந்துரையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

விலை என்னும் எல்லை

காட்டும் பொருளை மாற்றுவது வேறு, விலையை மாற்றுவது வேறு. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அமேசானில் ஒரே டிவிடிக்கு ஆளுக்கு ஒரு விலை இருப்பதை வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்கள். வாங்குபவர் யார் என்று பார்த்து விலை வைக்கவில்லை, குருட்டாம்போக்கில் நடத்திய சோதனைதான் என்றது நிறுவனம். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. தலைவர் ஜெஃப் பெசோஸ் அது தவறு என ஒப்புக்கொண்டார்; 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் வீதம் திருப்பித் தரப்பட்டது. தொகை சிறிது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே பொருள் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கடையின் எந்த விலையையும் வாடிக்கையாளர் நம்பமாட்டார்.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிகழ்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. ஆர்பிட்ஸ் பயணத் தளம் மேக் கணினிக்காரர்களுக்குச் சற்று விலை கூடிய விடுதிகளை முன்னால் காட்டியது. விடுதியின் விலை எல்லோருக்கும் ஒன்றே, வரிசைதான் வேறு. விலை மாறவில்லை என்பது உண்மை. ஆனால் கீழே புதைந்த மலிவான அறை பலர் கண்ணில் படாது என்பதும் உண்மை. வரிசையை மாற்றினால் அதைச் சொல்லிவிடுவதே முறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், கணினி தானாகவே ஆளைப் பார்த்து விலை வைத்திருந்தால் அதை வாங்குபவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சொல்லாததை அறிதல்

அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர் சுமார் 25 பொருள்களின் வாங்கலைக் கொண்டு கருவுற்ற பெண்களை ஊகித்ததை 2012இல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளிப்படுத்தியது. மணமில்லாத லோஷனும் சத்து மாத்திரைகளும் அவற்றில் சில. ஒரு பெண் தன் தாயிடம்கூடச் சொல்லாத செய்தியைக் கடை முதலில் அறிவது வெறும் விற்பனை உத்தி ஆகாது. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி, நேரடி விளம்பரத்துக்காகத் தன்னை இப்படி வகைப்படுத்துவதை மறுக்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்க வகைசெய்கிறது.

மொழிப்பிரிவு

வாடிக்கையாளரே வாய்திறந்து சொல்லும் பிரிவு மொழி. ஊகம் தேவையில்லாத இது, நெடுநாள் கவனிக்கப்படாமலும் கிடந்தது. ஃபிளிப்கார்ட் 2020 ஜூனில் தமிழ், தெலுங்கு, கன்னடப் பக்கங்களைத் தொடங்கியது. அமேசான் அதே ஆண்டு செப்டம்பரில் மலையாளத்தையும் சேர்த்து நான்கு தென்மொழிகளில் வந்தது. பொத்தான்களை மொழிபெயர்ப்பது இவ்வேலையின் சிறிய பகுதிதான். சேலை என்று தேடுபவருக்கும் புடவை என்று தேடுபவருக்கும் ஒரே அடுக்கு திறக்க வேண்டும். தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டாமல் ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். அவர்களும் தமிழ் வாடிக்கையாளர்களே. யாழ்ப்பாணத்துக்கும் சேர்த்து விற்கும் கடை, சோப்பைத் தேடுபவர் 'சவர்க்காரம்' என்று தட்டினாலும் புரிந்துகொள்ள வேண்டும்.