தானே வைத்த தீயில் படுத்தவர்



வானிலிருந்து குதித்துக் காட்டுத்தீயை அணைப்பவர்களைப் பற்றிய திகில் நாவல் ஒன்றை இந்த வாரம் படித்தேன். நாவலைவிட 1949 ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் மனத்தில் ஓடியது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், மான் கல்ச் பள்ளத்தாக்கு. விமானத்தில் 16 பேர் கிளம்பினார்கள். ஒருவருக்கு வாந்தி, அவர் குதிக்காமல் திரும்பிவிட்டார். (அந்த வாந்திதான் அவரைக் காப்பாற்றியது!) மற்ற 15 பேரும் பாராசூட்டில் இறங்கினார்கள். கீழே வனக்காவலர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். வயர்லெஸ் கருவியின் பாராசூட் விரியாமல் அது நொறுங்கிப்போனது.

மாலையில் தீ ஆற்றுக்குப் போகும் வழியை மறித்து, காய்ந்த புல் வழியே மேட்டில் ஏறித் துரத்தியது. எல்லோரும் ஓட, தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் நின்று, தீக்குச்சி உரசி முன்னால் இருந்த புல்லைக் கொளுத்தினார். எரிந்து முடிந்த இடத்தில் பெரிய தீக்குத் தின்ன எதுவும் இருக்காது அல்லவா? அந்தச் சாம்பலில் வந்து படுக்கச் சொல்லிக் கத்தினார்.

ஒருவரும் வரவில்லை. அந்த உபாயம் அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரப்படவே இல்லை. டாட்ஜுக்கே அந்த நொடியில் தோன்றியதுதான். பின்னால் தீ துரத்தும்போது முன்னாலும் ஒருவர் தீ வைத்தால் யார் நம்புவார்? நானாக இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

டாட்ஜ் பிழைத்தார். முகட்டுப் பாறை இடுக்கில் ஏறிய இருவரும் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள்.

இதையும் வேறு பல விபத்துகளையும் ஆராய்ந்து, தீயணைப்போருக்கான பத்துக் கட்டளைகளை 1957-இல் வகுத்தார்கள். டாட்ஜ் 1955-லேயே இறந்துவிட்டார்.